ரேடியோவில் சொன்ன எழுபது அடி

1997 ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு, செயின்ட் லாம்பெர் துறையின் வாடகை மீன்பிடிப் படகுக் கேப்டன்கள் சங்கம் கூடி, ஏழாவது தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன் வாசகம் முழுவதும் இதுதான்: "ஆகஸ்ட் 16, சனிக்கிழமை காலை, 'செகண்ட் ஷிப்ட்' படகின் கேப்டன் ஆர்லன் டெல்வோ, மீன் கிடைக்கும் ஆழத்தை ரேடியோவில் தெரிந்தே தவறாகச் சொன்னார் என்று கிடைத்த சாட்சியத்தின்படி முடிவாகிறது. ஆபத்து அழைப்பு தவிர அவருடைய வேறெந்த அழைப்புக்கும் உறுப்பினர்கள் பதில் தர வேண்டியதில்லை."

இதில் ஆர்லன் டெல்வோவுக்கு மனக்குறைகள் நான்கு. கூட்டம் பற்றி அவருக்கு அறிவிப்பு வரவில்லை. கூட்டம் நடந்த நேரத்தில் அவர் மில்வாக்கியிலிருந்து வந்த ஐந்து பல் மருத்துவர்களோடு கரையிலிருந்து எட்டு மைல் தள்ளி ஏரியில் இருந்தார். அது துறை முழுவதற்கும் தெரியும். சாட்சியம் என்னவென்று அவருக்குக் காட்டவில்லை. மூன்று முறை எழுதிக் கேட்டும் காட்டவில்லை. நான்காவது, "தெரிந்தே" என்ற சொல். மற்ற மூன்றையும் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்தச் சொல்லோடு அவரால் தூங்க முடியவில்லை.

அவருக்கு அப்போது வயது அறுபது. ஊரின் கதவுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இரண்டாவது ஷிப்டில் வேலை பார்த்தவர். ஒரு கதவின் கனம் மயிரிழை கூடினாலும் திருப்பி அனுப்பும் சோதனை மேசை அவருடையது. பகலெல்லாம் சும்மா இருந்ததால் ஏரிக்குப் போனார். படகு ஓட்டவும், கேப்டன் உரிமம் வாங்கவும், மிச்சிகன் ஏரியின் காற்றைப் படிக்கவும் யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. நூலகத்துப் புத்தகங்களையும் தன் குறிப்புகளையும் வைத்தே கற்றுக்கொண்டார். தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது, கையில் கொடுத்ததை வைத்து முப்பத்திரண்டு அடிப் படகு ஒன்றை வாங்கி, பழைய ஷிப்டின் பெயரையே அதற்கு வைத்தார்.

1979 முதல் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தாள். வந்தவர்களின் பெயர், காற்றின் திசை, அலையின் உயரம், எந்த நிறத் தகட்டுத் தூண்டிலில் எந்த மீன் எத்தனை மணிக்குச் சிக்கியது, யார் வாந்தி எடுத்தார்கள் என்பது வரை அதில் இருக்கும். தாள்கள் ஆண்டுவாரியாக, சமையலறைக்குப் பக்கத்து அறையின் இழுப்பறைகளில் இருந்தன. அவருடைய மனைவி மாவிஸ் அந்த அறைக்குள் துடைப்பத்தோடு போக நேர்ந்தால் கதவைத் தட்டிவிட்டுத்தான் போவாள். உள்ளே யாரும் இல்லாதபோதும்.

படகில் அவருக்குத் துணை மாவிஸின் அண்ணன் கிளெட்டஸ். அவரும் அதே தொழிற்சாலையில் மரம் அறுக்கும் இயந்திரத்தில் நின்று இடது காதைப் பறிகொடுத்தவர். படகின் பின்பக்கத்தில் தூண்டில்களை இறக்குவது, மீன் சிக்கியதும் கழியை வாடிக்கையாளர் கையில் கொடுப்பது, வலையால் அள்ளுவது, கரை திரும்பியதும் மீனைச் சுத்தம் செய்ய உதவுவது எல்லாம் கிளெட்டஸின் வேலை. ஆர்லன் உள்ளே சுக்கானில் இருப்பார். ரேடியோவும் தாளும் உள்ளே.

அந்த ரேடியோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துறையில் பன்னிரண்டு வாடகைப் படகுகள். கோடையில் ஒவ்வொரு காலையும் வானம் வெளுக்கும் முன்பே போகிறவர், மீன் சிக்கியதும் மற்றவர்களுக்கு மூன்று விஷயங்களைச் சொல்வார்: என்ன ஆழம், ஃபாரன்ஹீட்டில் என்ன வெப்பநிலை, என்ன நிறத் தூண்டில். நாளைக்கு வேறொருவர் முதலில் போவார், அவர் சொல்வார். ஏரி பெரியது. சால்மன் குளிர்ந்த தண்ணீரைத் தேடி ஒரு நாள் நாற்பது அடியில் இருக்கும், அடுத்த நாள் தொண்ணூறு அடியில். விடிந்து இரண்டு மணி நேரம்தான் அது வாய் திறக்கும். அதற்குள் ஆழத்தைக் கண்டுபிடிக்காதவன் மீதி நேரமெல்லாம் வாடிக்கையாளர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே ரேடியோவில் பொய் சொல்வது அந்தத் துறையில் யாரும் செய்யாத காரியம். குடித்துவிட்டுப் படகு ஓட்டியவனைக்கூட ஒரு பருவத்தில் மன்னித்திருக்கிறார்கள்.

ஆழம் எப்படிக் கணக்காகிறது என்பதையும் சொல்லிவிடலாம். எஃகுக் கம்பியின் நுனியில் பத்துப் பவுண்டு ஈயக் குண்டு. அதனோடு தூண்டில் நூலைக் கவ்வவிட்டு இறக்குவார்கள். கம்பி சுற்றிய உருளையில் எண்காட்டி ஒன்று இருக்கும். எத்தனை அடிக் கம்பி இறங்கியது என்று அது காட்டும். ஆனால் படகு நகர்ந்துகொண்டே இருப்பதால் குண்டு நேர்கீழே தொங்காது. பின்னால் சாய்ந்து இழுபடும். கம்பி தொண்ணூறு அடி இறங்கியிருந்தால் குண்டு எழுபது அடியில்தான் இருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. எல்லோர் குண்டும் ஒரே எடை, எல்லோர் வேகமும் ஏறக்குறைய ஒன்று. "தொண்ணூறு" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்களும் தங்கள் எண்காட்டியில் தொண்ணூறு வைப்பார்கள். எல்லோர் குண்டும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும்.

1997 ஜூனில் ஆர்லன் ஒரு கருவி வாங்கினார். குண்டோடு சேர்ந்தே கீழே போய், அங்கே இருக்கும் உண்மையான ஆழத்தையும் தண்ணீரின் வெப்பத்தையும் மேலே அனுப்பும். மற்ற கேப்டன்களில் பலரிடம் அது கிடையாது.

"கீழ போயி மீன்கிட்ட காய்ச்சலா இருக்கான்னு கேக்குமாமே?" என்றார் டுவைன் கிரோனிங், கருவி வந்த அன்றைக்கே. டுவைன்தான் சங்கத்தின் தலைவர். பக்கத்துப் படகு அவருடையது. இருபது ஆண்டுகளாக இரண்டு பேரும் ஒரே மேசையில் மீன் அறுத்தவர்கள்.

"கேக்கும். உன் படகப் பத்தியும் கேட்டுச்சு. மேல சத்தம் போடுறது யாருன்னு," என்றார் ஆர்லன்.

அந்த அளவுக்கு அவர்கள் நண்பர்கள்.

அந்த ஆகஸ்டில் பாதி வருவதற்குள் ஆர்லன் தொடர்ந்து பத்தொன்பது நாள் காலை ஒரு பயணம், மாலை ஒரு பயணம் என்று போயிருந்தார். மீன் நிறைய இருந்தது, வாடிக்கையாளர்களும் நிறைய. முழங்கால் இரண்டும் வீங்கி, படி இறங்கும்போது பக்கவாட்டில் இறங்கினார். ஒவ்வொரு காலையும் புதிய ஆறு பேர். புதிய ஆறு பேரும் கேட்பது அதே கேள்விகள். இன்னிக்கு கெடைக்குமா? நேத்து கெடச்சுதா? பெருசா? கழிப்பறை எங்க இருக்கு? சிரித்துக்கொண்டே பதில் சொல்வதுதான் அவருக்கு ஏரியைவிடக் களைப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் மாவிஸ் கேட்பதற்கும் வாடிக்கையாளருக்குச் சொல்வது போலவே பதில் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் உருளக்கிழங்கு வைக்கட்டுமா?"

"கண்டிப்பா கெடைக்கும். நேத்துகூட நல்லா இருந்துச்சு."

மாவிஸ் கரண்டியோடு நின்று பார்த்தாள். "யோவ். நான் டிக்கெட் வாங்கிட்டு வந்தவ இல்ல, உம் பொண்டாட்டி."

சனிக்கிழமை, ஆகஸ்ட் 16. விடிந்தபோது தென்கிழக்குக் காற்று, ஒரு அடி அலை. செகண்ட் ஷிப்ட்தான் முதலில் போயிருந்தது. 5.20-க்கு முதல் சால்மன், இருபத்திரண்டு பவுண்டு. 5.26-க்கு இரண்டாவது. ஆர்லன் தாளில் எழுதிவிட்டு ரேடியோவை எடுத்தார்.

"செகண்ட் ஷிப்ட் பேசுறேன். எழுபது. ஐம்பத்திரண்டு டிகிரி. பச்சைத் தகடு. ரெண்டு ஆச்சு, பெருசு."

"எழுபதா? சரிப்பா, புண்ணியவானே," என்றார் டுவைன். அவர் படகில் அன்று வந்திருந்தவர்கள் இல்லினாய்ஸைச் சேர்ந்த நான்கு சகோதரர்கள். பதினான்கு ஆண்டுகளாக அதே சனிக்கிழமை, அதே படகு. மூத்தவருக்கு அந்த ஆண்டு நோய். அடுத்த ஆண்டு வருவாரா என்று யாருக்கும் தெரியாது. டுவைன் முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்: நாளைக்கு அந்த ஆளுக்கு ஒரு பெரிய மீன் வேணும்.

எழுபது வைத்தார்கள். டுவைனும் வேறு மூன்று படகுகளும். ஒன்றும் சிக்கவில்லை. 6.05-க்கு டுவைன் மறுபடி கேட்டார்.

"ஆர்லன், இன்னும் எழுபதுதானா?"

"எழுபதுதான். அஞ்சு ஆச்சு."

அந்த இடைவெளியில் மூத்த சகோதரர் கழியின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே இருந்தார் என்று பிறகு சொன்னார்கள். ஏழரை மணிக்கு மீன் வாயை மூடிக்கொண்டது.

செயின்ட் லாம்பெர் துறையில் கரைக்கு வந்ததும் அவரவர் படகின் பெயர் எழுதிய ஆணிப் பலகையில் மீன்களைத் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். அன்று செகண்ட் ஷிப்டின் பலகையில் பதினான்கு சால்மன். ஆணி போதாமல் இரண்டைக் கயிற்றில் கட்டினார்கள். பக்கத்துப் பலகையில் ஒரே ஒரு சிறிய டிரௌட் மீன். நான்கு சகோதரர்களும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மூத்தவர் சிரித்தார். டுவைன் சிரிக்கவில்லை. ஆர்லனின் வாடிக்கையாளர் ஒருவரோடு அவர் இரண்டு நிமிடம் பேசியதைக் கிளெட்டஸ் பார்த்தார். தன் கேட்காத காதுப் பக்கம் அவர்கள் நின்றதால் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை.

பிறகு டுவைன் சுத்தம் செய்யும் மேசைக்கு வந்து, கத்தியை எடுத்தார், வைத்தார்.

"நல்லா இரு ஆர்லன்," என்றார். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் தீர்மானம்.

ஆகஸ்ட் 20 முதல் அக்டோபர் 5 வரை செகண்ட் ஷிப்ட் ஏரிக்குப் போன காலைகள் நாற்பத்து மூன்று. ஒவ்வொரு காலையும் மீன் சிக்கியதும் ஆர்லன் ரேடியோவை எடுத்து ஆழம், வெப்பம், நிறம் மூன்றையும் சொன்னார். ஒவ்வொரு காலையும் தாளின் அடியில் எழுதினார்: "5.31. சொன்னேன். பதில் இல்லை." "5.18. சொன்னேன். பதில் இல்லை." ஒரு நாள் மட்டும், அடையாளம் சொல்லாத ஒரு குரல், "மறுபடி ஆரம்பிச்சுட்டான்டா," என்றது. யாரோ சிரித்தார்கள். அதையும் எழுதினார்.

கிளெட்டஸ் காபிக் குடுவையோடு உள்ளே வந்தார். "யாருக்கு மாப்ள சொல்லிட்டிருக்க? ஒருத்தனும் கேக்கல."

"நான் சொல்லலேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது."

"கேக்காதவனுக்குச் சொல்லுறது எனக்குப் பழக்கம். இந்தக் காதோட முப்பது வருஷமா பேசிட்டிருக்கேன். பிரயோஜனம் இல்ல."

செப்டம்பரில் மூன்று கடிதங்கள் சங்கச் செயலாளர் ஹார்வி வாட்லேவுக்குப் போயின. மூன்றிலும் கேட்டது ஒன்றுதான்: சாட்சியம் என்ன? ஹார்வி தூண்டில் கடை வைத்திருப்பவர்; நல்ல மனிதர்; கடிதம் என்றால் பயம். கடைக்கு நேரில் போனபோது, "விடுங்க ஆர்லன், நீங்களும் களச்சுப் போயிருக்கீங்க, அவங்களும் களச்சுப் போயிருக்காங்க. பனி விழுந்தா எல்லாம் சரியாயிடும்," என்றார். தீர்மானத்தின் பிரதியை மட்டும் அச்சடித்துக் கொடுத்தார்.

பனி விழுந்தது. ஜனவரியில் ஏரி கரையிலிருந்து இரண்டு மைலுக்கு உறைந்து கிடந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் செய்வது போல, ஆர்லன் அந்த ஆண்டின் தாள்களை எடுத்துப் பெரிய புத்தகத்தில் நகல் எழுத உட்கார்ந்தார். ஏப்ரலிலிருந்து தொடங்கி, நாளுக்குப் பத்துத் தாள். ஜனவரி 22 அன்று ஆகஸ்ட் 15-க்கு வந்தார். அடுத்த தாள் 16. எழுத ஆரம்பித்த பேனா நின்றது.

இரண்டு தாள்களும் ஒன்று போல இல்லை.

பழைய தாளில் முதல் கட்டம் எண்காட்டி. கருவி வந்த பிறகு, உண்மை ஆழத்தை அவர் ஓரத்தில் சிறியதாக எழுதிவந்தார். ஆகஸ்ட் 15 மாலை பழைய தாள்கள் தீர்ந்துபோயின. அன்றிரவு சாப்பிட்ட பிறகு, அளவுகோலை வைத்துத் தானே புதிய தாளுக்குக் கோடு போட்டார். மறுநாளைக்கு நகல் எடுத்து வைத்தார். புதிய தாளில் உண்மை ஆழத்தை முதல் கட்டத்தில் வைத்தார், அதுதானே முக்கியம் என்று. எண்காட்டியைக் கடைசிக்குத் தள்ளினார். பதினெட்டு ஆண்டுகளாக ரேடியோவில் முதல் கட்டத்தைப் படித்தே பழகிய கண், மறுநாள் காலையும் முதல் கட்டத்தைப் படித்தது.

முதல் கட்டம்: 70. கடைசிக் கட்டம்: 90.

குண்டு எழுபது அடியில்தான் இருந்தது. அவர் சொன்னது உண்மை. ஆனால் அதைக் கேட்ட நான்கு பேரும் எண்காட்டியில் எழுபது வைத்தார்கள். அவர்கள் குண்டுகள் ஐம்பத்தைந்து அடியில், வெதுவெதுப்பான தண்ணீரில், மீன்களின் தலைக்கு மேலே வெறுமனே போய்க்கொண்டிருந்தன. தாளைப் புரட்டினார். 17, 18, 19. அதற்குப் பிறகு நாற்பத்து மூன்று காலைகள். எல்லாம் புதிய தாள். எல்லாக் காலையும் முதல் கட்டம். பொய்யன் என்று முடிவுகட்டியவர்கள் காதில் ஒவ்வொரு நாளும் ஒரு புதிய பொய் விழுந்திருக்கிறது.

மாவிஸ் கதவைத் தட்டிவிட்டு வந்தபோது அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்னார். அவள் இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டாள்.

"அப்ப தப்பு உங்க மேலதான்."

"தப்பு என் மேல. பொய் என் மேல இல்ல."

"இத அன்னிக்கே ஒருத்தன் வந்து, 'எழுபதுன்னு சொன்னியே, உன் எண்காட்டியில தொண்ணூறு இருந்துச்சாமே'ன்னு கேட்டிருந்தா?"

"அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

"கேக்கலயே. சரி, எந்திரிங்க. சூப்பு ஆறுது." அவள் அவர் தோளில் கை வைத்தாள், அவர் எழவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் படகுகளைத் தண்ணீரில் இறக்கும் முன், கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தி அடிப்பாகத்துக்கு வண்ணம் பூசுவார்கள். டுவைன் தன் படகின் அடியில் மல்லாந்து கிடந்து சுரண்டிக்கொண்டிருந்தார். ஆர்லன் இரண்டு தாள்களை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். எட்டு மாதத்தில் இருவரும் பேசியதில்லை.

"டுவைன், ஒரு காகிதம் பாக்கணும்."

படகின் அடியிலிருந்து பூட்ஸ் மட்டும் தெரிந்தது. "உன் காகிதத்துக்குப் பயந்துதான் ஹார்வி கடைய மூடிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போறான். எனக்கு எதுக்கு?"

"என் வாடிக்கையாளன் உங்கிட்ட என்ன சொன்னான்?"

டுவைன் வெளியே வந்தார். முகமெல்லாம் சிவப்புத் தூள். "என்ன சொன்னானா? 'எங்க கேப்டன் கெட்டிக்காரன், தொண்ணூறுல போட்டு அள்ளிட்டாரு'ன்னான். அன்னிக்கு என் ஆளு சாகக் கெடந்தான், ஆர்லன். உனக்கும் தெரியும். நான் ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவயும் எழுபதுன்ன."

"எழுபதுதான்."

"பாரு, இப்பவும்!"

"எங்கூட ஒரு நாள் ஏரிக்கு வா. ஒரு மணி நேரம். அப்புறம் நீ என்ன வேணும்னாலும் சொல்லு."

மே 12 அன்று போனார்கள். வாடிக்கையாளர் யாரும் இல்லை. ஆர்லன், கிளெட்டஸ், டுவைன் மூன்று பேர். வெண்ணெய் தடவிய ரொட்டியும் பன்றித் தொத்திறைச்சியும். கிளெட்டஸ் குண்டை இறக்கினார். எண்காட்டி தொண்ணூறில் நின்றது. ஆர்லன் உள்ளே கருவியின் திரையைக் கையால் மறைத்திருந்தார்.

"பின்னாடி என்ன காட்டுது?"

"தொண்ணூறு," என்றார் டுவைன், சலிப்போடு.

ஆர்லன் கையை எடுத்தார். திரையில் 71.

டுவைன் திரையைப் பார்த்தார். பின்பக்கம் போய் எண்காட்டியைப் பார்த்தார். கம்பி தண்ணீருக்குள் சாய்ந்து போவதை, முப்பது ஆண்டுகளாகப் பார்த்ததை, இன்னொரு முறை பார்த்தார். திரும்பி வந்தார். ஆர்லன் அப்போது இரண்டு தாள்களையும் கொடுத்தார். டுவைன் கண்ணாடி இல்லாமல் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார்.

"நீ... தாள மாத்திட்ட."

"மாத்திட்டேன்."

"அடப்பாவி. கோடு போட்டு, அழகா, அளவுகோல் வச்சு..." டுவைன் உட்கார்ந்தார். முதலில் இருமல் மாதிரிதான் வந்தது. பிறகு சிரிப்பென்று தெரிந்தது. "பொய்யன்னு நெனச்சேன்யா உன்ன! கணக்குப்பிள்ளையா இருந்திருக்க! கிளெட்டஸ், நீ பின்னாடிதான நின்ன, தொண்ணூறு வச்சவன், இவன் ரேடியோவுல எழுபதுன்னு சொல்லுறது உனக்குக் கேக்கலயா?"

"என்ன?" என்றார் கிளெட்டஸ்.

டுவைன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். "பெரியவரு நவம்பர்ல போயிட்டாரு," என்றார்.

"தெரியும். மாவிஸ் கார்டு அனுப்பினா."

"அந்தப் படம் வீட்டுல மாட்டி வச்சிருக்காங்களாம். அந்த டிரௌட் படம்."

தன் தவறுக்கு ஒரு விலை உண்டு, அதை வேறொருவர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்பது ஆர்லனுக்கு ஜனவரியிலேயே தெரியும். படகைக் கரைக்குத் திருப்பினார்.

மறுநாள் காலை 5.40-க்கு அவர் ரேடியோவில், "தொண்ணூத்தஞ்சு, எண்காட்டிப்படி. நாப்பத்தெட்டு டிகிரி. ஆரஞ்சு," என்று சொல்லி ஒலிவாங்கியை வைத்தார். வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை.

"தொண்ணூத்தஞ்சு. வந்துச்சு, செகண்ட் ஷிப்ட். நன்றி," என்றது டுவைனின் குரல். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

தாளின் அடியில் ஆர்லன் எழுதினார்: "5.40. சொன்னேன். பதில் வந்தது."

இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. மே 26 அன்று சங்கத்தின் வசந்தகாலக் கூட்டம், ஹார்வியின் கடைக்கு மேல்மாடியில். ஆர்லன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், மடியில் உறை. நிகழ்ச்சி நிரல் முடிந்ததும் டுவைன் எழுந்து நடந்ததைச் சொன்னார். நன்றாகவே சொன்னார், தன் பங்கையும் மறைக்கவில்லை. கேப்டன்கள் சிரித்தார்கள், தொடையில் தட்டினார்கள். ஒருவர் வந்து ஆர்லனின் முதுகில் அடித்தார். யாரோ பிராந்தியும் ஐஸும் கொண்டுவந்தார்கள்.

ஆர்லன் எழுந்தார். "ஏழாவது தீர்மானத்துல 'தெரிந்தே'ங்கிற சொல்ல எடுக்கணும்."

"எடுத்தாச்சுங்க! எல்லாரும் கை தூக்குங்கப்பா," என்றார் டுவைன். பதினொரு கைகள்; இரண்டில் கோப்பை இருந்தது.

"தீர்மானப் புத்தகத்துல எடுக்கணும்."

ஹார்வி தன் பேனாவை ஏற்கெனவே மூடிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "புத்தகம் தச்ச புத்தகம் ஆர்லன். பக்கம் முடிஞ்சு கையெழுத்தாயிடுச்சு. அதுல கை வைக்கறது நல்லா இருக்காது. அதையெல்லாம் யாரு படிக்கப் போறா?"

"நான் படிச்சேன்."

"அதான் நாங்க எல்லாரும் சொல்லிட்டோமே."

எல்லோரும் அவரை அன்போடு பார்த்தார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. கோபத்தோடு பார்த்திருந்தால் அவருக்குப் பதில் சொல்லத் தெரியும். பிராந்தியைக் குடித்தார். வீட்டுக்கு நடந்து போனார்.

ஒரு வாரம் கழித்து மே 26 கூட்டத்தின் குறிப்பை அச்சடித்து வாங்கினார். கடைசி வரி: "பிற விஷயங்கள்: ஏதுமில்லை."

மாவிஸ் அதை வாங்கிப் படித்துவிட்டு மேசையில் வைத்தாள். "விட்டுடலாமே. ரேடியோவுல பேசுறாங்க. முதுகுல தட்டுறாங்க. நீங்களும் இந்த வருஷத்தோட படக வித்துடலாம்னு சொன்னீங்க. இன்னும் எத்தன கடிதம்? உங்களுக்கே தெம்பு இல்ல."

"தெம்பு இல்ல," என்று ஒத்துக்கொண்டார். "டுவைன் போவான், நான் போவேன், ஹார்வி போவான். பொஸ்தகம் அங்கயே இருக்கும். அதத் தொறக்கிறவனுக்கு அன்னிக்கு நாங்க பிராந்தி குடிச்சது தெரியாது."

மாவிஸ் போய், தட்டச்சு இயந்திரத்தைச் சமையலறை மேசைக்குத் தூக்கி வந்து வைத்தாள். தாள்கள் இருந்த அறையின் நாற்காலி அவருடைய முழங்காலுக்கு ஆகவில்லை என்பதால்.

அவர் தட்டச்சு செய்த கடிதம் இது:

"1998 ஜூன் 3. செயலாளர் அவர்களுக்கு.

1997 ஆகஸ்ட் 16 அன்றும் அதற்குப் பிந்திய காலைகளிலும் நான் ரேடியோவில் எண்காட்டி எண்ணுக்குப் பதிலாக உண்மை ஆழத்தைச் சொன்னேன். தவறு என்னுடையது. அதனால் அன்று நான்கு படகுகளில் வந்தவர்களுக்கு, குறிப்பாக ஒருவருக்கு, மீன் கிடைக்காமல் போனது. அதற்கு நான் வருந்துகிறேன். இதைப் புத்தகத்தில் எழுதும்படி நானே கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தவறைத் தெரிந்தே செய்யவில்லை. சாட்சியத்தை எனக்குக் காட்டியிருந்தால் அன்றே விளங்கியிருக்கும். இதையும் எழுத வேண்டும்.

தைத்த புத்தகத்தின் பழைய பக்கத்தில் கை வைக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தின் பக்கத்தில், ஏழாவது தீர்மானத்திலுள்ள 'தெரிந்தே' என்ற சொல் நீக்கப்படுகிறது என்று ஒரு வரி போதும். மே 26 அன்று பதினொரு பேர் அதற்குக் கை தூக்கியிருக்கிறார்கள்.

இணைப்பு: ஆகஸ்ட் 15, 16 ஆகிய நாள்களின் தாள்கள், நாற்பத்து மூன்று காலைகளின் பட்டியல், மே 12 அன்று கண்டதற்குக் கேப்டன் டுவைன் கிரோனிங் கையெழுத்திட்ட குறிப்பு. எல்லாம் நகல்கள். மூலங்கள் என்னிடம் உள்ளன.

கடையிலோ, துறையிலோ, ரேடியோவிலோ வாய்மொழியாகத் தரும் பதிலை நான் நன்றியோடு கேட்டுக்கொள்வேன். ஆனால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஜூன் 30-க்குள் எழுத்து மூலமான பதிலை, தேதியும் கையெழுத்தும் இட்டு, எனக்கு அனுப்ப வேண்டும்."